தோள்வரை கரி

நவம்பர் கடைசியில் வெய்யோ
காபி டப்பாவைப் படியில் வைத்துவிட்டுப் போவான்.
மணி அடிக்கமாட்டான்.
சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளை அவன் தருவதும்
மருந்தடைத்து நான் திருப்புவதும்
விவாகரத்துப் பத்திரத்தில் இல்லை.
சோட்காமோ வீட்டையும் ஏரிப் படகையும்
நறுக்கிப் பிரித்த வக்கீலம்மாவுக்கு
இப்படியொரு சொத்து இருந்ததே தெரியாது.

இந்த வருஷம் டப்பாவைக் கொட்டினேன்.
பயிற்சி மேட்டில் சுட்டதும் சேர்த்து இருபத்தெட்டு.
கழுத்தெல்லாம் கரி.
கழுத்தில் கொஞ்சம் எல்லாருக்கும் இருக்கும், பரவாயில்லை.
இது தோளைத் தாண்டி
ஒரே பக்கமாக இறங்கியிருந்தது,
நான் ஓட்டுகிற பள்ளிப் பேருந்தின்
புகைக்குழாய்க்கு மேலே படிகிற அதே கறுப்பு.

வேட்டைக் குழுவில் அர்மாஸ் கேட்டுவிட்டான்:
"மருந்தில் மிச்சம் பிடிக்கிறாயா, ரைலி?"

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள்.
பித்தளையின் நியாயம் வேறு.
வெடிக்கிற நொடியில் கூடு உப்பி
அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும்.
ஒட்டினால் புகைக்கு முன்பக்கம் ஒன்றே வழி.
ஒட்டாவிட்டால்
இடுக்கில் நுழைந்து, திரும்பி வந்து,
தோளில் கை வைக்கும்.

முதலில் தராசைச் சந்தேகித்தேன்.
விசிறியை அணைத்து, மூச்சை அடக்கி,
சோதனை எடையை வைத்துப் பார்த்தேன்.
தராசு யோக்கியம்.
அப்புறம் குளிரை.
தோட்டாவை டிக்கியிலேயே விட்டிருப்பான்;
மைனஸ் பதினெட்டில் மருந்துக்கும் சோம்பல் வரும்.
அப்புறம் அவனையே சந்தேகித்தேன்.
அது பழக்கம்.

என் கூடுகளை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தேன்.
அதே மருந்து, அதே ரவை,
ஒரே ஞாயிற்றுக்கிழமை அடைத்தவை.
துப்பாக்கிகூட
ஒரே கடையில் ஒரே வாரத்தில் வாங்கிய ஜோடி.
என்னுடையவை சுத்தமாயிருந்தன,
விளிம்பில் சாம்பலாய் ஒரு கோடு, அவ்வளவுதான்.

அடியைத் திருப்பினேன்.
ஒவ்வொரு முறை அடைக்கும்போதும்
ஊசியால் ஒரு கீறல் போடுவேன்.
என்னுடையதில் இரண்டு.
அவனுடையதில் பத்து, சிலதில் பதினொன்று.

பாகம் பிரித்த அன்று
புதுசை எனக்கு ஒதுக்கிக்கொண்டு
பழசை அவன் பெட்டியில் போட்டது
இந்தக் கை.
மறந்தே போயிருந்தேன்.
பதினொரு முறை உப்பிச் சுருங்கின கழுத்து
பிகு பண்ணும்;
உள்ளே வெடித்தாலும் நெகிழாது.
எங்கள் கடைசி மூன்று வருஷத்தைப் பற்றி
இதில் எழுதப்போவதில்லை.

டப்பாவின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தன
இன்னும் நாலு.
அவை மட்டும் பளபளத்தன.
ஒன்றின் வாயில் சிவப்பு நூல் சிக்கியிருந்தது.
அந்த ஃபிளானல் சட்டையை எனக்குத் தெரியும்.
துடைத்திருக்கிறான்.
நாலோடு அலுத்துப்போய் விட்டானோ,
எப்படியும் கண்டுபிடித்துவிடுவாள் என்று விட்டானோ.
யார் முகத்துக் கரி என்று நினைத்துத் துடைத்தானோ.

ராத்திரி சவுனாவின் முன்னறையில்
விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பற்றவைத்தேன்.
நீல நுனியில் கழுத்தை மட்டும் காட்டிச் சுழற்ற வேண்டும்.
சிவக்கிறதா, நம் கண்தான் அப்படிச் சொல்கிறதா
என்கிற இடத்தில் எடுத்துவிட வேண்டும்.
ஒரு மூச்சு கூடினால் வெண்ணெய்.
வாளித் தண்ணீரில் ஒவ்வொன்றும்
'சுர்' என்றது.
இரண்டில் கழுத்து ஏற்கெனவே கீறிப்போயிருந்தது.
அதற்கு வைத்தியமில்லை. நசுக்கி எறிந்தேன்.

டப்பா மூடியில் காரணம் எழுதுவது வழக்கம்.
'குளிர்' என்று எழுதி
அடித்தேன்.
'கழுத்து இறுகிவிட்டது. இளக்கியிருக்கிறேன்.'
அதற்குக் கீழே, சின்ன எழுத்தில்,
'பழசை உனக்குக் கொடுத்தது நான்.'

அவன் வீட்டிலும் மணி அடிக்கவில்லை.

டிசம்பரில் ஒரு கொம்பு மூஸ் விழுந்ததாகக் கேள்வி.
ஒரே ரவையாம்.
எனக்கு அந்த ஒரு கூட்டின்
தோளைப் பார்க்க வேண்டும்.
டப்பா இன்னும் வரவில்லை.